கடலுக்குள் இறங்கும் முன்: ஈப்போவிலிருந்து ஒரு முக்குளிப்புப் பயணம்

ஆயர் தாவாரை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்திலிருந்து கடல் அதிக தூரமில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் கடலைப் பார்ப்போம். தோட்டத்துத் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியுமாக லாரியில் ஏறித் தெலுக் பாத்திக் போவோம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டிவரை இறங்குவார். பிள்ளைகளையும் அந்த அளவோடு நிறுத்திவிடுவார். "போதும்யா, இதுக்கு மேல போனா கடல் இழுத்துக்கும்" என்பார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயத்துப் பிள்ளைகள் ஈப்போவிலும் சித்தியவானிலும் வேலைக்குப் போகிறார்கள், கார் வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குத் தீவுகளுக்கும் போகிறார்கள். கடலில் மட்டும் இன்னும் பலர் முட்டியளவைத் தாண்டவில்லை. சிலர் நேர்மாறாக, நீச்சலே தெரியாமல், யாரோ சொன்ன படகில் ஏறி ஆழத்தில் குதித்துவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிதானமான ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முக்குளிப்புக்கு ஒரு கடலோர ஊரில் போய்த் தங்குவதென்றால் பெரும்பாலானோர் முதலில் தங்குமிடத்தைத் தேடுகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. எந்தக் கடல், எந்த மாதம் என்பது முதல் கேள்வி. என் உடம்பு அதற்குத் தயாரா என்பது இரண்டாவது. எப்படிப் பத்திரமாகத் திரும்புவேன் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக அமையும்.

பக்கத்துக் கடலும் தெளிந்த கடலும்

பேராக்கின் கரை மலாக்கா நீரிணையைப் பார்த்திருக்கிறது. பேராக் ஆறும் அதில் கலக்கும் கிந்தா ஆறும் நூறாண்டுக்கு மேலாக ஈயச் சுரங்கங்களின் சேற்றையும் தோட்டங்களின் மண்ணையும் சுமந்து வந்து இந்த நீரில்தான் கொட்டின. கரையோரம் அலையாத்திக் காடுகள் உண்டு, அடியில் சேறு உண்டு. இந்தக் கலங்கல்தான் இறாலையும் நெத்திலியையும் வளர்க்கிறது. பங்கோர் கருவாட்டுக்குப் பேர்போனது அதனால்தான். ஆனால் நீருக்குள் பார்வை எட்டாது. பல நாள்களில் சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

கரையை விட்டு விலக விலகத் தண்ணீர் தெளியும். பங்கோருக்குத் தெற்கே ஒன்பது தீவுகளின் கூட்டமான செம்பிலான் தீவுகள் இருக்கின்றன. அங்கே பவளம் உண்டு. இருட்டிய பிறகு, நுண்ணுயிர்களால் அலை நீலமாக ஒளிர்வதைக் காணவும் அங்கே போகிறார்கள். இன்னும் வெகுதொலைவில், நீரிணையின் நடுவே ஜாராக் தீவு தனியாக நிற்கிறது. அனுபவமுள்ள முக்குளிப்பவர்கள் படகெடுத்துப் போகும் இடம் அது. ஒதுங்க இடமில்லாத திறந்த கடல் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

முக்குளிக்கவே போய்த் தங்கும் ஊர் வேண்டுமென்றால் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். ஈப்போவிலிருந்து காரிலேயே போய்விடக்கூடியது திரெங்கானுவின் கோலா பெசுட். அங்கே படகுத்துறையில் ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் பெர்ஹெந்தியான் தீவுகளில் இறங்கலாம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு தீவுகள். 1994இல் இவற்றைச் சுற்றியுள்ள கடலை அரசு கடல் பூங்காவாக அறிவித்தது. நீர் தெளிவு, பவளம் கரைக்கு அருகிலேயே இருக்கிறது, கற்றுக்கொடுக்கும் பள்ளிகளும் நிறைய.

ஆகவே நான் சொல்லும் திட்டத்துக்கு இரண்டு கட்டங்கள். பங்கோரில் தண்ணீரோடு பழகுங்கள். பெர்ஹெந்தியானில் ஆழத்தைப் பாருங்கள்.

முதல் கட்டம்: பங்கோரில் இரண்டு இரவு

ஈப்போவிலிருந்து லுமுட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அமான்ஜெயா நிலையத்திலிருந்து பேருந்தும் உண்டு. லுமுட் படகுத்துறையிலிருந்து பெரி படகு பங்கோருக்குப் போகிறது. தெலுக் மூரோ பக்கம் உள்ள மரினா தீவுத் துறையிலிருந்து போனால் கடல் பயணம் இன்னும் குறுகியது. வயதானவர்களும் கடல் குமட்டல் உள்ளவர்களும் இந்த இரண்டாவது துறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

தீவில் இளஞ்சிவப்பு நிற வேன்களே வாடகை வண்டிகள். குடும்பத்தோடு போகிறவர்கள் பாசிர் போகாக்கிலோ தெலுக் நிப்பாவிலோ தங்கலாம். ஸ்நோர்க்கல் பழகத் தெலுக் நிப்பா நல்லது. அதற்கு எதிரே கியாம் என்ற குட்டித் தீவு இருக்கிறது. அங்கே ஆழம் குறைவான இடத்தில் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீன்களைப் பார்க்கலாம்.

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. அதனால் வார இறுதியில் கூட்டம் கூடுதல். மாசி மகத்தின்போது இன்னும் அதிகம். கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து நம் மக்கள் வருவார்கள். சாமிக்காகப் போவதென்றால் அந்த நாளில் போங்கள். நீந்தப் பழகுவதற்கென்றால் வேறொரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் வார நாள்.

ஒரு மாலையைத் தெலுக் காடோங்கில் 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு ஒதுக்கலாம். தெலுக் நிப்பாவில் அந்தி நேரம் இருவாசிப் பறவைகள் தாழ இறங்கிவரும். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் பகல் முழுவதும் தண்ணீருக்குத்தான்.

அங்கே மூன்று பாடங்களைப் படியுங்கள். முகத்தை நீருக்குள் வைத்து, பதறாமல் குழல் வழியாக வாயால் மூச்சு விடுவது முதல் பாடம். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது இரண்டாவது. களைத்தால் மல்லாந்து மிதப்பது மூன்றாவது. மார்பளவு நீரில், உயிர்காப்பு உடுப்போடு, பக்கத்தில் ஒருவர் நிற்கப் பழகினால் இரண்டு நாளில் கைவரும். என் அம்மா அறுபத்திரண்டு வயதில் தெலுக் நிப்பாவில்தான் முதன்முறையாகக் கடலுக்குள் முகத்தை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் சொன்ன முதல் சொல் "இவ்ளோ மீனா!" முட்டியளவில் எங்களை நிறுத்தியதற்குக் காரணம் அறியாமையல்ல, காப்பாற்ற ஆளில்லை என்ற பயம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. உயிர்காப்பு உடுப்பும் பக்கத்தில் ஒரு துணையும் இருந்தால் அந்தப் பயம் தானாக விலகுகிறது.

உடம்பு தயாரா?

முத்துக்கும் சங்குக்கும் கடலில் குளிப்பது தமிழர்களுக்குப் பழைய தொழில். மன்னார் வளைகுடாவில் குளியாட்கள் கல்லின் கனத்தைத் துணையாகக் கொண்டு, மூச்சை அடக்கி அடிவரை இறங்கி ஏறினார்கள். இன்றைய ஸ்கூபா முறையின் முதல் விதி இதற்கு நேரெதிர்: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் விளங்கும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம்மேல் இன்னொரு காற்றுமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. கரையில் இழுத்த மூச்சோடு இறங்கும் குளியாளின் நுரையீரலில் அந்தக் காற்று சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கு விரிகிறது. ஸ்கூபாவில் நடப்பது வேறு. முதுகிலுள்ள சிலிண்டர், அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்புகிறது. 10 மீட்டரில் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. அதனால்தான் இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும்.

காதும் அப்படித்தான். மலைச்சாலையில் காது அடைப்பதை அறிவோம். நீரில் அது முதல் சில மீட்டரிலேயே தொடங்கிவிடும். மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதி, வலி வரும் முன்பே சமப்படுத்த வேண்டும். வலித்தால் சற்று மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், நீருக்குள் மருந்தின் வேகம் குறையும்போது காற்று உள்ளே அடைபட்டுக்கொள்ளும்.

முக்குளிப்புப் பள்ளிகள் முதலில் ஒரு மருத்துவப் படிவத்தைத் தரும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது அறுவை, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கர்ப்பம் என்று கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டரின் ஒப்புதல் தேவைப்படலாம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பணமும் கட்டிவிட்டோம் என்ற எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். இனிப்பு நீர் நம் சமூகத்தில்தான் நாட்டிலேயே அதிகம். நீருக்குள் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், மயக்கம் வரும். உதவிக்கு வருபவருக்கு அது தெரியவும் தெரியாது. படிவத்தை முன்கூட்டியே வாங்குங்கள். ஈப்போவிலேயே உங்களை அறிந்த டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் ஸ்நோர்க்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெர்ஹெந்தியானில் ஆமைகளையும் சிறு சுறாக்களையும் நீர்மட்டத்தில் மிதந்தபடியே பார்க்கலாம். அதனால் இது பெரிய இழப்பாகாது.

உடம்பு சரியென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயிற்றுநரின் பிடியிலேயே ஒருமுறை இறங்கிப் பார்ப்பது. ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது, செலவு சில நூறு ரிங்கிட். மற்றொன்று, மூன்று நான்கு நாள் படித்து அடிப்படைச் சான்றிதழ் பெறுவது. அதை வைத்துக்கொண்டு, அதேபோல் சான்றிதழ் உள்ள ஒரு துணையோடு உலகில் எங்கும் 18 மீட்டர் வரை இறங்கலாம். கட்டணம் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். பத்து வயது நிறைந்த பிள்ளைகளும் படிக்கலாம். இந்தப் படிப்புக்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை. பொது நீச்சல் குளத்தில் வாரம் இருமுறை பழகினால் சில மாதங்களில் இது சாத்தியம்.

எந்த மாதம்?

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை நேராகத் தாக்கும். அந்தக் காலத்தில் பெர்ஹெந்தியான் தங்குமிடங்கள் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கும், படகுகளும் நிற்கும். மார்ச்சில் மெல்லத் திறக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அக்டோபரில் வானிலை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். தீபாவளி விடுமுறையை நம்பித் திட்டமிடுகிற நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீபாவளி வருவது கிழக்குக் கடல் மூடப்போகும் நேரத்தில். அந்த விடுமுறைக்குப் பங்கோர் பொருத்தம், ஏனென்றால் மேற்குக் கரைக்கு நடு மலைத்தொடரின் மறைப்பு இருக்கிறது. அங்கும் விடியற்காலையில் திடீர்க் காற்றோடு மழை வருவதுண்டு. காலைப் படகுக்கு முன் வானத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, திரெங்கானுவிலும் கிளந்தானிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கே வியாழன் மாலையிலேயே கூட்டம் தொடங்கிவிடும். பேராக்கிலிருந்து போகிறவர்கள் ஞாயிறு தீவில் இறங்கி வியாழன் கிளம்பினால் நெரிசல் குறையும், அறையும் மலிவாகக் கிடைக்கும்.

மலையைத் தாண்டும் பாதை

ஈப்போவிலிருந்து கோலா கங்சார், லெங்கோங், கிரிக், பிறகு கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை வழியாக ஜெலி, அங்கிருந்து கோலா பெசுட். 300 கிலோமீட்டரைத் தாண்டும் பயணம். ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கோலா கங்சாரில் பசியாற நிற்பவர்கள் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் பழைய பால் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1877இல் நட்ட கன்றுகளில் அது ஒன்று. நம் தாத்தா பாட்டியை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மரத்தின் மூத்த தலைமுறை அது.

கிரிக்கில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும்தான். 1982இல் திறந்த இந்தச் சாலை யானைகளின் வழித்தடத்தை வெட்டிப் போகிறது. 2025 மே 11 அதிகாலை ஒரு லாரி மோதிக் குட்டி யானை ஒன்று இங்கே இறந்தது. தாய் யானை லாரியை விட்டு நகராமல் நின்ற காட்சியை நாடே பார்த்தது. ஒரு மாதம் கழிவதற்குள், ஜூன் 9 அதிகாலை, ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து இதே நெடுஞ்சாலையில் கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். இரண்டும் இருட்டில் நடந்தவை. ஆகவே கண்டிப்பான ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சாலையில் பகலில் மட்டுமே பயணம். காலை ஆறு மணிக்கு ஈப்போவை விட்டால் வெளிச்சத்திலேயே மலையைக் கடந்துவிடலாம். பேருந்தில் போகிறவர்களும் பகல் வண்டியைத் தேடுங்கள். அன்றிரவு கோலா பெசுட்டில் தங்கி, மறுநாள் முதல் படகில் ஏறுங்கள்.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 28 இரவு பெர்ஹெந்தியான் கடலில் ஒரு படகு கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். இருட்டிய பிறகு படகில் ஏறாதீர்கள். உயிர்காப்பு உடுப்பை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக் கொக்கி போடுங்கள். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவு வேண்டும். பெரியவர் உடுப்பைப் போட்டால் தண்ணீரில் விழும்போது அது தலைக்கு மேலே நழுவிவிடும். அளவானது இல்லையென்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். முடிந்தால் வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.

எங்கே தங்குவது, என்ன கொண்டுபோவது

சிறிய தீவின் பாசிர் பாஞ்சாங் கரையில் முக்குளிப்புப் பள்ளிகளும் மலிவான அறைகளும் இளைஞர் கூட்டமும் அதிகம். நண்பர்களாகப் படிக்கப் போகிறவர்களுக்கு அது வசதி. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போனால் பெரிய தீவு அமைதியானது. கரையிலிருந்தே ஸ்நோர்க்கல் செய்ய முடிகிற இடமாகப் பாருங்கள். அப்படியானால் நீரில் இறங்காதவர்களும் பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளலாம்.

தீவில் வங்கி கிடையாது. கோலா பெசுட்டுக்குப் போகும் வழியிலுள்ள ஜெர்த்தேயிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள். கடல் பூங்காக் கட்டணம் குடிமக்களுக்குக் குறைவு என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே தேர்வு குறைவு. வெறும் சோறு, காய், முட்டை கிடைக்கும். குழம்பில் பெலாச்சான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய், பருப்புப் பொடி, அவல் கொண்டுபோனால் நாலைந்து நாளை ஓட்டிவிடலாம். தினமும் சாப்பிடும் மருந்துகளை இரண்டாகப் பிரித்து வேறு வேறு பைகளில் வையுங்கள். ஒரு பை நனைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

பையில் ஒரு சிறு போத்தல் வெள்ளை வினிகரும் இருக்கட்டும். நம் கடல்களில் பெட்டிச் சொறி என்ற கொடிய ஜெல்லிமீன் வகை உண்டு. அது தீண்டினால் தேய்க்காமல், குழாய்த் தண்ணீரும் ஊற்றாமல், வினிகரை ஊற்றிவிட்டு உடனே உதவி கேட்க வேண்டும். உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடை இதற்கும் காப்பு, வெயிலுக்கும் காப்பு. பாவாடையோ ஜீன்ஸோ போட்டு இறங்குவது ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றிக் கீழே இழுக்கும்.

பள்ளியிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? புதியவர்கள் நான்கு பேருக்குள் இருந்தால் நல்லது. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? முதல் பாடம் எங்கே, நேராக ஆழத்திலா, இடுப்பளவு நீரிலா? வானிலை கெட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? பயிற்றுநரின் உரிமம் இந்த ஆண்டுக்குச் செல்லுமா? நல்ல பள்ளி இந்தக் கேள்விகளை வரவேற்கும். எரிச்சலோடு பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். எந்த மொழியில் கற்பிப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளலாம். பாடம் அரைகுறையாகப் புரிந்த நிலையில் நீருக்குள் இறங்கக் கூடாது.

சைகைகளை நன்றாக மனத்தில் வாங்குங்கள். கட்டை விரலை உயர்த்தினால் கரையில் "சரி" என்று பொருள். நீருக்குள் அது "மேலே போவோம்" என்ற கட்டளை. சரி என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

இறங்கியபின் என்ன பார்க்கலாம்? பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்கள், பாறை இடுக்கில் வாயைத் திறந்து மூடும் அஞ்சாலை, மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை, புல் மேயும் பேராமை. 2000ஆம் ஆண்டில் சர்க்கரை மூட்டைகளோடு மூழ்கிய ஒரு சரக்குக் கப்பல் ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இன்று அது மீன்களின் வீடு. கருமுனைச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். உண்மையில் தள்ளியிருக்க வேண்டியது பெரிய கிளாத்தி மீனிடம். முட்டையிட்ட இடத்தைக் காக்கும் அது, கூட்டுக்கு மேலே உள்ள நீர் முழுவதையும் தன்னுடையதாக நினைத்து விரட்டிக் கடிக்கும். அது வந்தால் மேலே ஏறாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

திரும்பும் நாள்

பேராக்கிலிருந்து போகும் நமக்கு மட்டும் கூடுதலான ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

ஆழத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்தபின் மெதுவாக வெளியேறும். அதற்குள் வெளி அழுத்தம் திடீரென்று குறைந்தால், குலுக்கித் திறந்த 100பிளஸ் டின் போல, கரைந்த வாயு குமிழிகளாகக் கிளம்பும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், சில வேளைகளில் கைகால் செயலிழப்பு வரை போகும். முக்குளித்ததும் விமானம் ஏறக் கூடாது என்பது இதனால்தான். ஒரே முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு.

நாம் காரில்தானே போகிறோம் என்று எண்ணாதீர்கள். கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை பேராக்-கிளந்தான் எல்லையில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதைக்கும் விமானத்துக்கான கவனமே தேவை. கேமரன் மலை வழியாகத் திரும்பினாலும் இதே கதைதான். காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் மலை ஏறுவது கூடாது. கடைசி முக்குளிப்பை முதல் நாள் நண்பகலுக்குள் முடித்துவிட்டு, மறுநாள் கிளம்புங்கள்.

வீடு திரும்பிய பின்னும் ஒரு நாள் வரை உடம்பைக் கவனியுங்கள். மூட்டு வலியோ மரத்துப்போதலோ இருந்தால் தைலம் தேய்த்துப் படுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், "முக்குளித்தேன்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். இந்த நோய்க்கு உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுப்பதே சிகிச்சை. அதற்கான ஆழ்நீர் மருத்துவப் பிரிவு நம் லுமுட்டிலேயே, ஆயுதப்படை மருத்துவமனையில் இருக்கிறது. காப்புறுதி எடுக்கும்போது முக்குளிப்பு அதில் அடங்குமா, எத்தனை மீட்டர் வரை என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் அது அடங்காது.

கடலுக்கு நாம் செய்ய வேண்டியது

பவளம் கல்லைப் போலத் தெரியும். அது உயிர். கால் பட்டால் ஒடியும். ஒடிந்த கிளை வளரப் பல ஆண்டுகள் ஆகும். நீர் சூடானால் அது வெளுத்துவிடும். 2010இல் அப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு மூடிவைத்தது. 2024இல் மறுபடியும் பரவலாக வெளுத்தது. நாம் செய்யக்கூடியது எளிது. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். ஆமையைத் தொடாதீர்கள், துரத்தாதீர்கள். மூச்சு விட மேலே வரும் அதன் வழியை மறிக்காதீர்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். வெயில் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை அணியுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு நாட்குறிப்பு

வரும் ஜூனில் போக விரும்பினால் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏப்ரலில் பங்கோர் போய் இரண்டு இரவு தங்கி, முகக்கண்ணாடியோடு பழகுங்கள். மார்ச்சில் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு பள்ளியையும் அறையையும் உறுதி செய்யுங்கள். ஜனவரியிலிருந்து நீச்சல் குளம்.

பயணம் ஐந்து நாள். முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி கோலா பெசுட்டில் இரவு. இரண்டாம் நாள் முதல் படகு, மாலைவரை ஸ்நோர்க்கல். மூன்றாம் நாள் ஆழமற்ற நீரில் பாடம், பிறகு முதல் முக்குளிப்பு. நான்காம் நாள் நண்பகலுக்குள் கடைசி முக்குளிப்பு, பிற்பகல் கரையில் ஓய்வு. ஐந்தாம் நாள் காலைப் படகு, பகல் வெளிச்சத்தில் மலை, மாலையில் ஈப்போ. சான்றிதழ் படிப்பு என்றால் நடுவில் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் தங்குமிடத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது, குளத்துக்கு மூன்று மாதம். அது காரணத்தோடுதான். கடலுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் நீச்சல் கற்றுக்கொள்ள இடமும் நேரமும் கிடைக்காமல் போன தலைமுறையின் பிள்ளைகள் நாம். நமக்கு இரண்டும் இருக்கின்றன. இந்த வாரமே பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். நீங்களும் இறங்குங்கள்.